பாதி லோடு

டயர் கடைக்காரரை எல்லோரும் ஸ்டெப்னி என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்பைச் சுற்றி ஒரு டயர் எப்போதும் கூடவே வருவதால் வந்த பெயர். அதற்கு அவர் கோபப்பட்டதே இல்லை. கோபப்படுவதற்குத்தான் நான் இருக்கிறேனே.

இன்று ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரருக்குப் பயிற்சி முடிந்ததும் நேராக ஸ்டெப்னி கடைக்கு வண்டியை விட்டேன். பிக்கப்பை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். அவர் பக்கத்து சீட்டில், மார்புக்குக் குறுக்கே ஒரு பெல்ட், இடுப்பில் ஒரு பெல்ட் என்று கட்டிப்போட்ட சாமான் மாதிரி உட்கார்ந்து வருவார். பதினோரு மாதமாக இடுப்புக்குக் கீழே அவருக்கு எதுவும் தெரியாது. கிள்ளினாலும் தெரியாது. தூங்கும்போது நான் கிள்ளிப் பார்த்திருக்கிறேன்.

குவாரியில் திரும்பவும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். டீசல் பீப்பாய், பாறையில் துளை போடும் கம்பிகள், மெஷின் சாமான்கள் எல்லாவற்றையும் மலைமேல் கொண்டுபோய் இறக்குகிற வேலை. இத்தனை வருஷம் அவர் செய்தது. திங்கட்கிழமையிலிருந்து நான் செய்ய வேண்டும். விபத்துக்குப் பிறகு ஒர்க்ஷாப்பில் கையில் கிடைத்ததை எல்லாம் மாட்டி அனுப்பியிருந்தார்கள். நாலு டயரும் நாலு விதம், ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகள் போல ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். இதை வைத்துக்கொண்டு அந்த மலையில் ஏற முடியாது.

நானே போய் வாங்கி வருகிறேன், நீங்கள் வீட்டில் படுங்கள் என்று காலையிலேயே சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. நானும் வரேன் என்று ஒரே பிடியாகப் பிடித்தார். அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. ஏனென்றால் அந்தக் கடையில் நான் செய்த காரியம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினைந்து மாதத்துக்கு முன்னால் நடந்தது அது. கல் ரோட்டில் ஓட்டி ஓட்டி அவர் முதுகு பழுதாகிப் போயிருந்தது. ராத்திரி புரண்டு படுக்க என் தோளைப் பிடித்துக்கொள்வார். ஒருமுறை இரண்டு நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. அந்தச் சமயம் பார்த்து டயர் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு துண்டுச் சீட்டில் சைஸையும் அதற்குப் பக்கத்தில் 121 என்றும் எழுதிக் கொடுத்து என்னை அனுப்பினார். எது மறந்தாலும் அந்த 121 மறக்கக் கூடாது, டயரின் பக்கவாட்டுச் சுவரிலேயே போட்டிருக்கும், அது எவ்வளவு எடை தாங்கும் என்கிற நம்பர் என்று இரண்டு தடவை சொன்னார்.

ஸ்டெப்னி இரண்டு டயரை எடுத்து வைத்தார். ஒரே கம்பெனி, ஒரே சைஸ், ரோட்டில் பதிகிற பட்டன் கட்டைகளும் ஒரே மாதிரி. ஒன்றில் 121, இன்னொன்றில் 112. எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. 112 மெத்தென்று இருக்கும், கார் மாதிரி போகும், ஆனால் லோடு வண்டிக்கு ஆகாது என்றார். கார் மாதிரி போகும் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. பிறகு எல்லாரிடமும் கேட்கிற மூன்று கேள்வியை என்னிடமும் கேட்டார். எந்த ரோடு, என்ன லோடு, யார் ஓட்டுவது?

என்ன லோடு என்றதற்கு நான் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "பாதி லோடுதான் அண்ணே. இப்பல்லாம் அவர் முழு லோடு ஏத்துறதில்ல" என்றேன்.

பச்சைப் பொய். பாதி லோடு என்றால் தாராளமாகப் போடலாம் என்று 112-ஐ மாட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, நீங்கள் சொன்னதையே போட்டுவிட்டேன் என்று இவரிடம் இரண்டாவது பொய்யையும் சொன்னேன். சீட்டைக் கசக்கி எறிந்துவிட்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து அவர் ராத்திரி முழுக்கத் தூங்கினார். பக்கத்தில் படுத்துக்கொண்டு நான் எனக்குள்ளேயே பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது எனக்கு என்னையே அறையத் தோன்றுகிறது. நாலே மாதம். மலையில் மூன்றாவது வளைவில் பின் டயரின் சுவர் வெடித்து வண்டி கவிழ்ந்தது. ரோட்டில் கூரான கல் கிடந்திருக்கும் என்றார்கள். யாரும் டயர் நம்பரைப் பார்க்கவில்லை. கல்லின் மேல் பழி போட்டால் கல் மறுத்துப் பேசாது, நானும் பேசவில்லை.

இன்று ஸ்டெப்னிக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். மாறாக, ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று கோபம் வந்தது. என் குடும்பத்தைக் கவிழ்த்துப் போட்ட நாள் இந்த மனுஷனுக்கு இன்னொரு வியாபார நாள், அவ்வளவுதான்.

கடை ஆட்கள் என் வீட்டுக்காரரைக் கீழே இறக்கி உட்கார வைக்கட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், அப்படியே தூக்குங்கள் என்றார். முன் பக்கம் ஜாக்கி ஏறியது. வண்டியோடு அவரும் ஏறினார். நான் உள்ளே டயர் அடுக்கின் முன்னால் நின்றேன்.

மறுபடியும் அதே மூன்று கேள்வி. கல் ரோடு, பத்து கிலோமீட்டர் ஏற்றம் என்றேன். முழு லோடு என்றேன். நான்தான் ஓட்டுவேன் என்றேன். ஸ்டெப்னி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு முதலில் சேற்று டயரைக் காட்டினார். பட்டன் ஒவ்வொன்றும் செங்கல் அளவு. தார் ரோட்டில் ஊரையே எழுப்புகிற மாதிரி சத்தம் போடும், சீக்கிரம் தேயும் என்று நானே சொல்லி ஒதுக்கினேன். அடுத்தது எல்லா ரோட்டுக்கும் ஆன டயர். கல் சிக்கினால் தானாகத் தள்ளிவிட இடுக்குகளில் சின்னச் சின்ன மேடு வைத்திருந்தார்கள். கட்டை விரலால் சுவரை அழுத்தினேன். பலகையை அழுத்துவது போல இருந்தது. கீழே குனிந்து நம்பரைப் படித்தேன். 121.

இதே டயரில் எடை குறைச்சலாகத் தாங்குவதும் இருக்கிறதே, என்ன வித்தியாசம் என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன். என் வாய் சும்மா இருக்காது. ஸ்டெப்னி சாவகாசமாக விளக்கினார். உள்ளே துணி அடுக்கு குறைவு. அதனால் சுவர் இளசு. கண்ணால் பார்த்தால் தெரியாது.

"ஆனா காத்து பிடிக்கிறப்ப யாருக்கா இருந்தாலும் தெரிஞ்சிரும்மா. இதுக்கு எண்பது வரைக்கும் போகும். அதுல அம்பதுக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு சுவத்துலயே போட்டிருக்கும். லோடு வண்டிக்காரன் வாரா வாரம் பார்க்கிறதாச்சே."

நான் அந்த டயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாசலில் குந்தி உட்கார்ந்து, மீட்டரை வாயில் கவ்விக்கொண்டு, ஒவ்வொரு டயராகக் காற்று பார்க்கிற ஆள் என் வீட்டுக்காரர். நான் காபி டம்ளரோடு பக்கத்தில் நிற்பேன். அந்த நாலு மாதமும் நின்றிருக்கிறேன். ஒருநாள்கூட எனக்கு உறைக்கவில்லை.

இன்னொன்றும் சேர்ந்து ஞாபகம் வந்தது. அந்த நாலு மாதமும் அவர் வீட்டுக்கு வர நேரமானது. ஒரு நடைக்கு இரண்டு நடை ஆகிறது என்பார். அப்படி என்ன மலையையா பேர்த்துக் கொண்டுவருகிறீர்கள் என்று நான் ஒரு பிடி பிடிப்பேன். அவர் சிரித்துக்கொண்டே கை கழுவப் போவார். விபத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்த குவாரி சூப்பர்வைசர், கொஞ்ச நாளாகவே இவர் பாதிப் பாதியாகத்தான் கொண்டுவந்தார், அன்றைக்குத்தான் முழுசாக ஏற்றினார், அன்றைக்கே இப்படி ஆகிவிட்டது என்று அங்கலாய்த்தார். முதுகு வலியால் குறைத்திருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். வலி இல்லாமல் தூங்கிய மனுஷனுக்கு ஏது முதுகு வலி? எவ்வளவு மக்கு நான்.

நாலு டயரும் மாட்டி முடித்தார்கள். வண்டி இறங்கியது, அவரும் இறங்கினார். ஸ்டெப்னி காற்று ஏற்றியபோது இவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மீட்டரைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

தார் ரோடு முடிந்தது. எங்கள் வீட்டுக்குத் திரும்புகிற கல் ரோட்டில் முதல் குலுக்கலிலேயே என் பற்கள் ஒன்றோடொன்று மோதின. இடுப்பிலிருந்து கழுத்து வரை ஒரு அடி ஏறி இறங்கியது. பழக்க தோஷத்தில், "ரொம்பக் குலுக்குதா?" என்று அவரைக் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்பது உறைத்தது.

"எனக்கெங்க தெரியுது" என்றார், சாதாரணமாக.

வண்டியை ஓரம் கட்டினேன். என்ஜினை நிறுத்தவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "அந்த டயரு... உங்களுக்குத் தெரியுமா?"

"மாட்டிட்டு வந்த அன்னைக்கே பார்த்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க."

கேட்கலாம் என்றுதான் இருந்தேன் என்றார். அதற்குள் மூன்று ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்துவிட்டதாம். எத்தனையோ வருஷம் கழித்து வந்த தூக்கம். கேட்டால் நான் அழுவேனாம், உடனே கழற்றி மாற்றச் சொல்வேனாம். நீ ஆசையாகப் போட்டது, எனக்கும் அதை விட மனசு வரவில்லை என்றார். சரி, டயருக்குத் தக்கபடி லோடைக் குறைத்துக்கொள்வோம், இரண்டு நடையாக அடிப்போம் என்று முடிவு செய்துகொண்டாராம். நான் கடையில் சொன்ன பொய்யை, அது என்ன பொய் என்றே தெரியாமல், நாலு மாதம் உண்மையாக்கிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"அப்புறம் அன்னைக்கு ஏன்?"

"கம்ப்ரசரு. மேல மெஷினு நின்னு போச்சு, உடனே வேணும்னாங்க." அவர் குரல் அப்போதுதான் உடைந்தது. "அதைப் பாதியா வெட்டி எடுத்துட்டுப் போக முடியாதுல்ல."

நான் அழவில்லை. அழுகை வந்திருந்தால் பரவாயில்லை. இத்தனை நாளும் என் மேல் எனக்கு இருந்தது குற்ற உணர்ச்சி மட்டும்தான், அதைச் சுமக்கப் பழகியிருந்தேன். இப்போது அவர் மேலும் கோபம் வந்தது. கட்டிலில் என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு இதை மறைத்த மனுஷன் மேல், இனி அடிக்கவும் முடியாத, அணைத்தாலும் பாதி உடம்புக்குத் தெரியாத மனுஷன் மேல் வந்த கோபம். திட்டியிருக்கலாம். என்னடி காரியம் பண்ணினே என்று ஒரு நாள் கத்தியிருக்கலாம். மறுநாளே டயரை மாற்றியிருப்போம், முதுகு வலியோடு நடந்துகொண்டிருப்பார். நான் அவரிடம் மறைத்தேன், அவர் என்னிடம் மறைத்தார், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நன்றாகப் பார்த்துக்கொண்டதாக நினைத்தோம்.

கியரைப் போட்டேன். புது டயர் ஒரு கல்லையும் விடாமல் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தது. நாளை மறுநாளிலிருந்து இதே குலுக்கலோடு தினமும் மலை ஏறி இறங்க வேண்டும், எத்தனை வருஷமோ. கடைக்காரர் நல்ல சரக்குதான் கொடுத்திருக்கிறார், சீக்கிரம் தேயாது.

"உனக்கு எப்படி இருக்கு? முதுகு வலிக்குதா?" என்றார்.

அதெல்லாம் ஒன்றுமில்லை, நன்றாகத்தான் போகிறது என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் என் பக்கம் திரும்பினார். பெல்ட் இடித்ததால் முழுசாகத் திரும்ப முடியவில்லை.

"வேணாம். உண்மையச் சொல்லு."

ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "வலிக்குதுங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். அதற்கு அவரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. வீட்டுக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் இருந்தது, அத்தனையும் கல் ரோடு.