மூன்று சர்வருக்கும் ஆயுத பூசை

பிரியதர்ஷினி பெங்களூரில் ஐந்து வருடம் கணினி சர்வர் மேய்த்தவள். அந்த வேலையை உதறிவிட்டுச் சொந்த ஊர் நல்லம்பள்ளிக்கு வந்து, சாமந்தி போடுகிற விவசாயிகளுக்காக ஓர் ஆப் செய்தாள். தோட்டக்காரர் காலையில் பூவைப் படம் எடுத்துப் போடுவார். வெளியூர் வியாபாரி விலை கேட்பார். ஒத்துவந்தால் வண்டி கிளம்பும். நடுவில் தரகர் கிடையாது. அதனால் தரகர்கள் அவளுக்கு விட்ட சாபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆப் ஒரு நொடிகூட நிற்கக்கூடாது என்பது அவளுக்கு வெறி. மூன்று சர்வர் பெட்டிகளை வாங்கி மூன்று ஊரில் வைத்தாள். ஒன்று தன் வீட்டில், ஒன்று ஏரியூரில் தாய்மாமன் பச்சியப்பன் வீட்டில், ஒன்று தொப்பூரில் கூடப் படித்த இனிகோ வீட்டில். மூன்றும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்று விழுந்தால் மற்ற இரண்டும் அதன் பங்கையும் சேர்த்து இழுக்கும். ஓர் ஊரில் கரண்ட் போனாலும் சரி, ஜேசிபி கேபிளைப் பிடுங்கினாலும் சரி, கவலையில்லை. இதை மூன்று வீட்டாரிடமும் பெருமையாகச் சொல்லியும் வைத்தாள்.

"உங்க வூட்டுப் பெட்டி நின்னாக்கூட ஒன்னும் ஆவாதுங்க. மத்ததுங்க பாத்துக்கும்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஆயுத பூசை வந்தது. பூவுக்கு அதைவிடப் பெரிய நாள் ஏது? காலையிலிருந்தே ஆப்பில் கூட்டம் நெரிந்தது. பச்சியப்பன் சந்தைக்கு ஒரு கூடைகூட அனுப்பாமல், அக்கா மகளை நம்பி மொத்தப் பறிப்பையும் ஆப்பில் ஏற்றியிருந்தார். இன்று விற்காத சாமந்தி நாளைக்கு மாட்டுக்குக்கூட ஆகாது. அந்த நினைப்பிலேயே அவளுக்கு இட்லி இறங்கவில்லை.

பத்தரைக்கு ஏரியூர் பெட்டி நின்றது. திரையில் சிவப்பு. மாமாவைக் கூப்பிட்டாள்.

"சாமி கும்புடறம் பாப்பா. டிராக்டரு, மோட்டாரு, உம்பெட்டி எல்லாத்தையும் நிறுத்திப் பொட்டு வெச்சாச்சி. நின்னா பரவால்லன்னு நீதான சொன்ன?"

பதில் சொல்வதற்குள் இன்னொரு சிவப்பு. தன் வீடு! உள்ளறைக்கு ஓடினாள். பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், தலைமேல் பொரி கடலைத் தட்டு. அம்மா நஞ்சம்மாள் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தாள். பஞ்சாங்கம் எழுதினவர் ஊருக்கு ஒரு நல்ல நேரம் எழுதவில்லை, எல்லா ஊருக்கும் ஒரே நேரம்தான்.

"அம்மா, ஆன் பண்ணும்மா!"

"பூசைக்கு வெச்சத நாளைக்கு விஜயதசமிக்குத்தான் எடுக்கோணும். தம்பி வூட்ல ஓடுதில்ல?"

இனி தொப்பூர் ஒன்றுதான். இனிகோ வீடு கிறிஸ்தவ வீடு, ஆயுத பூசை கிடையாது. அவள் வாழ்க்கையில் முதல்முறையாக மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். மாதா என்ன செய்வாள், பாவம்? மூன்று பெட்டியின் சுமை ஒரே பெட்டியில். இனிகோவின் அம்மா ராஜமேரி டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து அதன் முகத்துக்கு நேரே வைத்தாராம். பெட்டி திணறியது, முனகியது, படுத்தது. பச்சியப்பனின் பூவுக்கு விலை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் ஆப் செத்தது.

மாமாவை மறுபடி கூப்பிட்டாள்.

"மாமா, எல்லாம் போச்சுங்க. அம்மாளுதும் போச்சு, இனிகோவோடதும் போச்சு. உங்க பெட்டி ஒன்னுதான் கதி. உங்க பூவும் அதுலதான் நிக்குது."



"சரஸ்வதி மன்னிச்சுக்குவா," என்றார் பச்சியப்பன். "யாவாரி மன்னிக்கமாட்டான். உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத."

ஏரியூர் பச்சையானது. ஆனால் ஒன்று போதாது, அதுவும் சற்று நேரத்தில் படுத்துவிடும். அவளுக்குச் சட்டென்று புத்தி வந்தது. நேராக அம்மாவிடம் போனாள்.

"மாமா வூட்டுப் பெட்டி புகைஞ்சு போச்சும்மா. நம்முளுது ஒன்னுதான் மிச்சம்."

நஞ்சம்மாள் பொரித்தட்டை இறக்கி வைத்தாள். "எந்தம்பிகிட்டச் சொன்னீன்னா பாத்துக்க."

தொப்பூருக்கும் அதே பொய்தான். "இங்க ரெண்டும் போச்சு இனிகோ, அம்மாகிட்டச் சொல்லு." ராஜமேரி பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி, வீட்டிலேயே காற்றோட்டமான தன் கட்டில்மேல் வைத்து, இனிகோவை ஆன் பண்ணச் சொன்னார். மூன்றும் பச்சை. மதியத்துக்குள் மாமாவின் பூ முழுவதும் விலை போய் வண்டி ஏறியது. பிரியதர்ஷினி சுவரில் சாய்ந்து, வெட்கமில்லாமல் அழுதாள்.

மறுநாள் விஜயதசமி. கோயிலுக்குக் கூப்பிட்டால் அம்மா வரமாட்டேன் என்றாள்.

"பெட்டிய யாரு பாத்துக்கறது? இது நின்னா ஊரே நிக்குமே!"

மாமாவைக் கேட்டாள். அவரும் வரவில்லை, அதே காரணம். ராஜமேரி சர்ச்சில் காலைப் பூசைக்குப் போகாமல் கட்டிலோரம் காவல் இருப்பதாக இனிகோ சொன்னான்.

பிரியதர்ஷினி தனியாகத்தான் போனாள். பொய் சொன்னதற்கு ஒருத்தராவது போய் மன்னிப்புக் கேட்க வேண்டுமே.