பழைய பத்திரிகைப் பூக்கள்

மகளைப் பெண் பார்க்க ஆள் வருவது இது மூன்றாவது முறை. முதல் முறை மைமூன் சிராங்கூன் ரோட்டுக்குப் போய் மல்லிகைச் சரம் வாங்கிக் கூடத்துச் சுவரில் கட்டினாள். அடுத்த முறை கலர் காகிதம். இரண்டு கூட்டமும் சம்சாவைத் தின்றுவிட்டு "சொல்லி அனுப்புறோம்" என்று போனவர்கள்தான், இன்னும் சொல்லி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். இந்த முறை அவளுக்குக் கடைக்குப் போகவே கால் வரவில்லை. கணவர் முகம்மது யூசுப் கடலை வியாபாரி. பொட்டலம் மடிக்க அவர் வாங்கிப் போட்டிருந்த பழைய பத்திரிகைக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கிழித்த தாளை விசிறிபோல் மடித்து, நடுவில் நூலால் இறுக்கி, முனைகளைச் சோற்றுப் பசையால் ஒட்டினால் வட்டமாக ஒரு பூ. ஓரத்தில் கேசரிக்குப் போடுகிற சாயத்தைத் தடவினாள். காலையிலிருந்து மடித்து விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிற்று. வருகிறவர்கள் சுவரையா கட்டிக்கொண்டு போகப் போகிறார்கள் என்று எரிச்சலாக வந்தது. ஆனாலும் மடித்தாள். ஜரீனாவுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. இதுவும் தட்டிப்போனால் இனி யார் இந்தப் படி ஏறுவார்கள் என்ற பயம் அவளை எழவிடவில்லை.

மாப்பிள்ளை அப்துல் அலீமுக்குத் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை. பெண்ணைப் பார்ப்பதற்கென்றே அவனுடைய தாய் சம்சுன்னிசா நாகூரிலிருந்து கப்பலேறி வந்திருந்தார். மாலை அஸர் தொழுகையை முடித்துவிட்டு மகனோடு வீட்டுக்குள் நுழைந்தவர், மேலே தொங்கிய பூக்களை நிமிர்ந்து பார்த்ததும் நின்றுவிட்டார்.

"யா அல்லாஹ்! ஓதுற எழுத்தையா கிழிச்சு மடிச்சுத் தொங்க விட்டிருக்கீங்க?"

மைமூனும் நிமிர்ந்து பார்த்தாள். அது மலாய்ப் பத்திரிகை. மலாய் மொழியை அரபு எழுத்தில்தான் அதில் அச்சடித்திருந்தார்கள். கடைப் பலகையிலும் சுவரொட்டியிலும் பார்த்துப் பார்த்துப் பழகியதில், அவள் கண்ணுக்கு அது உறுத்தவே இல்லை. ஊரிலிருந்து புதிதாகக் கப்பலிறங்கியவருக்கு அந்த எழுத்து என்றாலே குர்ஆன்தான்.

யூசுப் தொண்டையைச் செருமியதோடு சரி. கடலையை எந்தத் தாளில் மடித்து விற்கிறீர்கள் என்று பேச்சு திரும்பிவிட்டால் என்ன செய்வது என்று அவருக்குக் கவலை. மாப்பிள்ளையோ அம்மாவுக்கு எதிரே வாய் திறக்கிற ஆளாகத் தெரியவில்லை.

தேநீர்த் தட்டோடு வந்த ஜரீனா மேலே பார்த்தாள். மலாய்ப் பள்ளியில் படித்தவள்.

"மாமி, அது வந்து..."

மைமூன் கண்ணாலேயே அவளை அடக்கினாள்.

"தப்பு எங்க மேலதான், லாத்தா. அவசரத்துல கவனிக்கல. மன்னிச்சிருங்க."

ஸ்டூலைப் போட்டு ஏறி, பகலெல்லாம் மடித்த பூக்களை அவளே அவிழ்த்துக் கொடுத்தாள். சம்சுன்னிசா ஒவ்வொன்றையும் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். ஓடுகிற தண்ணீரில் விடவேண்டுமாம். கடைசிப் பூவை வாங்கும்போது அவர் முகம் இளகியிருந்தது.

"சொன்னதும் ஒத்துக்கிட்டீங்க பாருங்க, அந்தக் குணம் போதும். பொண்ணும் எதுத்து ஒரு வார்த்தை பேசல. அடக்கமான புள்ள."

அங்கேயே பேசி முடித்து, சம்மதத்துக்கு அடையாளமாக ஜரீனாவின் வாயில் சீனியும் போட்டுவிட்டுத்தான் கிளம்பினார். யூசுப் அவர்களை டாக்சி ஏற்றிவிடப் போனார். மைமூனுக்கு அழுகை வரும்போல இருந்தது, அதற்குக்கூடத் தெம்பில்லை.

"அதுல அப்படி என்னடி போட்டிருந்துச்சு?"

"குதிரைப் பந்தயம். எந்தக் குதிரை ஜெயிச்சுச்சுன்னு."

மைமூன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜரீனா சிரிக்கவில்லை.

"உம்மா, அங்க போயும் தெரிஞ்சதத் தெரியாத மாதிரியே இருக்கணுமா?"

"கொஞ்ச நாளைக்குத்தான்மா. பழகுற வரைக்கும்."

"உங்களுக்கு அந்தக் கொஞ்ச நாள் எப்ப முடிஞ்சுச்சு?"