கோப்பை ஒன்றுக்கு எத்தனை ரசிகர்கள்

எட்டு நகரங்களில் எது பெரிய விளையாட்டு நகரம் என்று கண்டுபிடித்து ஒரு முழுப்பக்கம் போடச் சொன்னார் எங்கள் பத்திரிகை ஆசிரியர். கால்பந்து, கூடைப்பந்து, ஹாக்கி ஆகிய மூன்று தொழில்முறைப் போட்டிகளிலும் எந்த ஊர் எத்தனை கோப்பை வாங்கியிருக்கிறது என்று எண்ணினால் போதும். மாலை டீ வருவதற்குள் எண்ணி முடித்துவிட்டேன். முதலிடத்தில் என் மனைவி பிறந்த ஊர், இருபத்து மூன்று கோப்பை. எட்டாவது இடத்தில், நான் பிறந்து, வளர்ந்து, தலைமுடியை இழந்த இந்த ஊர். ஒரு கோப்பை.

அந்த ஒன்றைப் பற்றியும் பெருமையாகப் பேச முடியாது. கூடைப்பந்து இறுதியாட்டத்தன்று எதிரணியில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. மிச்சப் பேரும் ஆட்டத்துக்கு நடுவே அடிக்கடி காணாமல் போனார்கள். அப்படியும் இரண்டு புள்ளி வித்தியாசத்தில்தான் ஜெயித்தோம்.

ஆசிரியர் அட்டவணையைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"யோவ், பேப்பரை வாங்கறவன் இந்த ஊர்க்காரன். விளம்பரம் குடுக்கறவனும் இந்த ஊர்க்காரன். காலங்காத்தால அவன் மூஞ்சியில கரியைப் பூசணுமா?"

"கணக்கு அப்படித்தான் சார் வருது."

"அப்ப வேற கணக்குப் போடு. ஃபைனல் முடிஞ்சதும் பக்கம் போகணும்."

ஃபைனல் என்றால் ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த கால்பந்து இறுதியாட்டம். எங்கள் ஊருக்கும் என் மனைவியின் ஊருக்கும். எங்கள் ஊர் எப்படி அதுவரை வந்தது என்று எங்கள் ஊருக்கே புரியவில்லை.

வேறு கணக்குப் போட்டேன். கோப்பைகளை மக்கள்தொகையால் வகுத்தேன், எட்டாவது. மைதானங்களின் எண்ணிக்கையால் வகுத்தேன். அப்போதும் எட்டாவது, ஏழாவது ஊர் மட்டும் இன்னும் எட்டாத தூரத்துக்குப் போயிருந்தது. கடைசியில் ஞானம் பிறந்தது. கோப்பையை எதால் வகுத்தாலும் உருப்படாது, கோப்பையால் வகுக்க வேண்டும். மைதானத்துக்கு வரும் கூட்டத்தைக் கோப்பைகளால் வகுத்து, 'கோப்பை ஒன்றுக்கு எத்தனை ரசிகர்கள்' என்று ஓர் அட்டவணை. ஒன்றால் வகுத்தால் எதுவும் குறையாதே! எங்கள் ஊர் ஒரே தாவலில் முதலிடத்துக்குப் போனது. இருபத்து மூன்றால் வகுபட்ட என் மனைவியின் ஊர் தரைமட்டம்.

வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கும் பத்திரிகைக்கும் சம்பந்தமில்லை.

என் மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். பல ஊர்களில் கிளை உள்ள கடை. அவள் பிறந்த ஊரில் இருக்கும் தலைமைக் கடைக்கு அவளைப் பொறுப்பாளராக வரச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். எங்கள் பத்திரிகைக்கும் அங்கே ஒரு பதிப்பு உண்டு, கேட்டால் எனக்கும் மாற்றல் கிடைக்கும். ஆக, வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு சாக்கும் இல்லை. சாக்கு இல்லாதவன் கோப்பையைப் பற்றித்தான் பேசியாக வேண்டும்.

"எங்க ஊர்ல இருபத்து மூணு இருக்கு," என்பாள்.

"கோப்பைக்குள்ளயா குடித்தனம் பண்ணப் போறோம்?"

"உங்க ஊர்ல அதுக்கும் வழியில்ல. இருக்கறதே ஒண்ணு. நான் உள்ள போயிட்டா நீங்க எங்க படுப்பீங்க?"

உங்க ஊரு. கல்யாணமாகி வந்த இந்தப் பதினொரு வருடத்தில் அவள் வேறு மாதிரி சொல்லி நான் கேட்டதில்லை. குழாயில் தண்ணீர் வராவிட்டால் உங்க ஊர்த் தண்ணி. பஸ் வராவிட்டால் உங்க ஊர் பஸ். மழை நன்றாகப் பெய்தால் மட்டும் அது யாருடைய மழையும் இல்லை.

இந்த மாதிரிச் சொற்களில் நான் கொஞ்சம் கூர்மை. பிழைப்பு அப்படி. எங்கள் நிருபர் ஒருவர், நடுவரைவிட அதிகமாகச் சத்தம் போடுவதால் விசில் என்று பெயர், ஒவ்வொரு செய்தியையும் 'நாம் தோற்றோம்' என்றுதான் தொடங்குவார். நான் அந்த 'நாம்' என்பதை அடித்துவிட்டு 'உள்ளூர் அணி' என்று போடுவேன். "தோத்ததுதான் தோத்தோம், சேர்ந்தாவது தோக்க விடுய்யா," என்பார்.

என் பயம் இவ்வளவுதான். அங்கே போனால், இவள் இங்கே இருந்த மாதிரி நான் அங்கே இருக்க வேண்டும். இவளும் இவள் தம்பியும் நாம, நம்ம என்று பேசிக்கொண்டிருக்க, நான் ஓரமாக உட்கார்ந்து உங்க ஊர்த் தண்ணியைக் குடிக்க வேண்டும். பதினொரு வருடமாக அவள் செய்வதை என்னால் பத்து நாள் செய்ய முடியாது. இதை வாய்விட்டுச் சொல்லும் தைரியம் இருந்தால் நான் எதற்கு வகுத்தல் கணக்குப் போடுகிறேன்?

சனிக்கிழமை பக்கத்தின் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவள் அதைச் சுவரில் சாய்த்துவிட்டு எட்டப்போய் நின்றாள். எதையும் அப்படித்தான் படிப்பாள்.

"முதல் வரி, உங்க ஊரு. கடைசி வரி, எங்க ஊரு." கண்ணைச் சுருக்கினாள். "அதாவது, ஒரே ஒரு டாக்டர், வாசல்ல ஐந்நூறு பேர் நிக்கறாங்க, அதனால இதுதான் நல்ல ஆஸ்பத்திரின்னு சொல்றீங்க."

"ஆளுக்கு ஆள் பார்வை மாறும்மா."

"மாறும். அதுக்குத்தான் கண்ணாடி விக்கறோம்."

நகலை மடித்து என்னிடம் கொடுத்தாள். "திங்கட்கிழமை பதில் சொல்லணும்," என்றாள்.

"ஆமா, சொல்லணும்," என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஞாயிறு மாலை நான் டிவி முன்னால் உட்கார்ந்தேன். அவள் பின்னால் சோபாவில் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர் முதல் பாதியிலேயே ஒரு கோல் போட்டது. பழக்கமில்லாத விஷயம் என்பதால் பக்கத்து வீடுகளில் சத்தம் கிளம்பவே கொஞ்ச நேரம் ஆயிற்று. இரண்டாம் பாதியில் அவர்கள் சமன் செய்தார்கள். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில், எங்கள் கோல் வாசலில் தனியாக நின்றிருந்த ஒருவனிடம் பந்து வந்தது. உள்ளே தட்டிவிட்டான்.

"ஆஃப்சைடு!"

கத்தியது நான் இல்லை. மடித்த துண்டு ஒன்று என் தலைக்கு மேலே பறந்துபோய் டிவியில் விழுந்தது.

"அத்தனை பேருக்கும் முன்னாடி ஒருத்தன் நட்டுக்க நிக்கறான், அந்த லைன்ஸ்மேனுக்குத் தெரியல! கடைக்கு வரச் சொல்லுங்க அந்தாளை, இலவசமா டெஸ்ட் பண்றேன்!"

கோல் செல்லும் என்றார்கள். ஆட்டம் முடிந்தது. உடனே அவளுடைய போன் அடித்தது. கை நிறையத் துணி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். அவள் தம்பி.

"அக்கா! ஜெயிச்சிட்டோம்கா! நாம ஜெயிச்சிட்டோம்!"

"நாம இல்லடா. நீங்க ஜெயிச்சீங்க. நாங்க தோத்துட்டோம்."

"நாங்கன்னா யாருக்கா?"

"நாங்கன்னா நாங்கதான். நானும் உங்க மாமாவும். அது ஆஃப்சைடு. போனை வைடா."

பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு தலையணை உறையை உதறினாள். தான் என்ன சொன்னோம் என்று அவள் கவனித்த மாதிரியே தெரியவில்லை. நான் கவனித்தேன். இத்தனை வருடமாக மற்றவர்கள் எழுதியதில் அடித்துத் தள்ளிய அந்த 'நாம்', 'நாங்க' என்று வேஷம் மாற்றி, கேட்காமலே என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. தோற்ற பக்கத்தில் என்னோடு ஓர் ஆள் இருந்திருக்கிறாள். எந்த ஊரில் தோற்றால் என்ன?

"போலாம்," என்றேன்.

"எங்க?"

"தலைமைக் கடைக்கு."

துணி உதறிய அவள் கை நின்றது. "தோத்த கோவத்துல சொல்றீங்களா?"

"இல்ல. தோத்த தைரியத்துல."

"அங்க போயும் நான் இப்படித்தான் கத்துவேன். அப்புறம் என் தம்பி வீட்டுல சோறு கிடைக்காது."

"நான் ஆக்கிப் போடறேன். நீ கத்து."

அவள் எழுந்துபோய் டிவி மேல் கிடந்த துண்டை எடுத்து வந்து மறுபடி மடித்தாள். இந்த முறை மடிப்பு கோணலாக விழுந்தது.

நான் லேப்டாப்பைத் திறந்து, இருபத்து மூன்றை இருபத்து நான்காக்கினேன். வகுத்தலையெல்லாம் அழித்துவிட்டு வெறும் கோப்பைக் கணக்கை மட்டும் வரிசையாக வைத்தேன். எங்கள் ஊர் சத்தமில்லாமல் அடிவரிக்கு இறங்கியது. ஆசிரியர் திட்டுவார். பேப்பர் வெளியே வந்த பிறகு அவர் திட்டினால் என்ன, திட்டாவிட்டால் என்ன?

அவள் அறையின் அந்தக் கோடியில் நின்று திரையைப் பார்த்தாள்.

"கடைசி வரி தெரியுதா?" என்று கேட்டேன்.

"தெரியுது. ஒண்ணு." கிட்டே வந்து குனிந்தாள். "அந்த ஒண்ணு எப்படி வந்துச்சுன்னு போடலையா?"

"இடம் இல்ல."

"நல்லதாப் போச்சு. அங்க யாராவது கேட்டா, நியாயமா ஆடி ஜெயிச்சோம்னு சொல்லிக்கலாம்."