பதினெட்டாம் நம்பர் கதவு

"என் வீட்டை விட்டுட்டு வெறும் சுவத்துக்கு பதினெட்டுன்னு தகடு அடிச்சிருக்கீங்களே, கண்ணை எங்கய்யா வச்சிருந்தீங்க?"

"கத்தாதீங்கக்கா. கதவைத் தட்டுவேன், திறப்பாங்க, நோட்டுல கையெழுத்து வாங்குவேன், அப்புறம்தான் தகடு. கையெழுத்து இல்லாம நான் ஆணியே எடுக்க மாட்டேன்."

"அப்போ சுவர் எழுந்து வந்து கையெழுத்துப் போட்டுச்சாக்கும்!"

தையலக்கா குரல் எடுத்தால் தெருக்கோடி வரை கேட்கும். எதிர்வீட்டில் இருக்கும் எனக்கு ஜன்னலைத் திறக்கும் வேலைகூட மிச்சம். ஏற்கெனவே திறந்துதான் இருந்தது, அது வேறு விஷயம்.

நகரம் ஊதிப் பெருத்ததில் எங்கள் தெருவுக்கும் புது எண்கள் வந்தன. இடப்பக்கம் முழுக்க இரட்டைப்படை. இஸ்திரிக்காரர் வீடு பதினாறு. அதை ஒட்டிய தையலக்கா வீட்டில் இருபது. பதினெட்டு, இரண்டுக்கும் நடுவில், ஒரு ஆள் அகலச் சுவரில் தொங்கியது.

அக்காவின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. மகள் ஓர் அவசரக்குடுக்கை. தகடு வருமுன்பே தெருமுனையிலிருந்து விரல்விட்டு எண்ணி, மருந்துக் கிடங்கு வேலைக்கான விண்ணப்பத்தில் பதினெட்டு என்று எழுதி அனுப்பிவிட்டாள். மூன்று வருடம் படித்து, தேர்வில் முதலாவதாக வந்து பிடித்த வேலை. வேலை உத்தரவு பதினெட்டுக்குத்தான் வரும்.

தகடு அடிக்க வந்த நம்பர்க்காரர் நோட்டைத் திறந்து காட்டினார். இடப்பக்கம் சாய்ந்த மெலிந்த கையெழுத்து, மை கலைந்திருந்தது.

"ஒரு பொண்ணு திறந்தாங்கக்கா. கை ஈரமா இருந்துச்சு." சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "இங்கதான் கதவு இருந்துச்சு."

"கல்யாண வயசு வந்தா கண்ணுக்கு இப்படித்தான் கண்டதும் தெரியும்," என்றாள் அக்கா. தெருவே சிரித்தது. நானும்தான்.

நோட்டில் ஏறியதை அழிக்க முடியாது என்று அவர் போய்விட்டார். தபால்காரரும் தெருவுக்குப் புதுசு. அதனால் மகள் வாசலில் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தாள். எட்டு நாள். ஒன்பதாம் நாள் பொறுக்க மாட்டாமல் தபால் நிலையத்துக்கே போனாள்.

"நேத்து மதியமே குடுத்தாச்சேம்மா. பேரைச் சொன்னேன், 'நான்தான்'னு வாங்கிக்கிட்டாங்க."

நேற்று மதியம் அவள் கால் மணி நேரம் சாப்பிட உள்ளே போயிருந்தாள். அந்தக் கால் மணி நேரத்தை நான் பார்த்தேன். தபால்காரர் சுவரைப் பார்த்து நின்று, சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஃபோனில் பேசுகிறாராக்கும் என்று நினைத்தேன். இதை அக்காவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

தாயும் மகளும் கிடங்குக்கு ஓடினார்கள். வருகைப் பதிவேட்டில் மகளின் பெயர். எதிரே, இடப்பக்கம் சாய்ந்த கையெழுத்து.

"அவங்க காலையிலயே சேர்ந்துட்டாங்களே. நீங்க யாரு?" என்றார் மேலாளர். விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "இது நீங்க இல்லையேம்மா."

படத்தைத் திருப்பிக் காட்டியதும், பசை தடவித் தன் கையால் ஒட்டிய மகளே, "ஆமா, இது நான் இல்ல" என்றாளாம்.

அந்த மாதமே தையலக்கா வீட்டைக் காலி செய்தாள். நகரத்தின் மறுகோடியில், இன்னும் எண் போடாத தெருவாகப் பார்த்துக் குடிபோனார்கள். இப்போதெல்லாம் யாராவது பெயர் கேட்டால், மகள் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்கிறாளாம்.

நம்பர்க்காரருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. தெருவில் எல்லோருக்கும் பத்திரிகை வந்தது. மணமகள் என்ற இடத்தில் தையலக்கா மகளின் பெயர். பெண் வீட்டு முகவரி, கதவு எண் பதினெட்டு. நான் போகவில்லை. போன இஸ்திரிக்காரர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "பொண்ணு கை குடுத்துச்சு. ஈரமா இருந்துச்சு."

போன வாரம் பார்த்தால் சுவரில் தகடு இல்லை, இரண்டு ஆணித்துளைகள்தான். தம்பதி வேறிடம் குடிபோய்விட்டார்களாம். நகரத்தின் மறுகோடியில், இப்போதுதான் எண் போட ஆரம்பித்திருக்கும் ஒரு தெருவுக்கு.