டேப்பை நிறுத்திய இடம்

முனியசாமி போன வாரமே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன அட்டைப்பெட்டி காலையிலிருந்தே டைம்கீப்பர் அறை வாசலில் கிடந்தது. நைலான் கயிறு சுற்றி, மேலே பெயரும் ஊரும் எழுதி, கிளம்பத் தயாராக இருந்தது பெட்டி. ஆளைத்தான் காணோம். பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுகிறேன் என்றவர் ஒன்றேகால் ஆகியும் வரவில்லை.

டைம்கீப்பர் கார்மேகம் வாசலுக்கும் மேசைக்கும் நடந்து செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அது தொண்ணூற்றாறாம் வருடத்துப் பொதுமன்னிப்பின் கடைசி நாள். விசா இல்லாமல் ஒளிந்திருப்பவர்கள் அபராதமோ சிறையோ இல்லாமல் ஊர்போய்ச் சேர அரசாங்கம் விட்டிருந்த அவகாசம் அன்றோடு முடிகிறது. முனியசாமி இரண்டு வருடத்துக்கு முன்பு, விசா கொடுத்த முதலாளியான கஃபீலிடமிருந்து ஓடிவந்து, அஜ்மானில் ஒளிந்திருந்து கம்பி கட்டும் வேலை செய்பவர். கமுதிப் பக்கத்துக்காரர். கார்மேகத்துக்கும் அதே பக்கம் என்பதால் அவருக்கு வரும் கடிதமெல்லாம் இந்த அல் குசைஸ் தொழிலாளர் கேம்ப் முகவரிக்குத்தான் வரும். பாஸ்போர்ட் இல்லாமல் ஊர்போக உதவும் அவுட்பாஸ் கையில் இருக்கிறது, டிக்கெட்டும் இருக்கிறது. ஷார்ஜாவிலிருந்து ஐந்து மணிக்கு விமானம், நான்கு மணிக்குக் கவுன்டரை மூடிவிடுவார்கள். இதைத் தவறவிட்டால் அப்புறம் ஜெயில்தான்.

குரோசரி கடை வைத்திருக்கும் கீழக்கரை சாதிக் பாட்ஷா பிக்கப்பை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். முனியசாமியை ஏர்போர்ட்டில் விடுவதாக ஒப்புக்கொண்டிருந்தவர் அவர்தான்.

"வாத்தியாரே, ஒண்ணு சொல்லணும். நேத்து அஜ்மான்ல அந்த ஆளு புது மெத்தை வாங்கித் தலையில வச்சுட்டுப் போறதப் பாத்தேன். ஊருக்குப் போற மனுசன் மெத்தை வாங்குவானா?"

கார்மேகம் நடையை நிறுத்தினான். மெத்தைக்கான காரணம் அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. காரணமே அவன்தான்.

கார்மேகம் பொருளாதாரத்தில் பட்டம் வாங்கியவன். காலேஜில் பாடம் எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, கடைசியில் சைட்டில் ஆள் எண்ண வந்தவன். அந்த ஆற்றாமையைத் தீர்த்துக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். தினமும் ரேடியோவில் செய்தியைப் பதிவு செய்வான். தமிழ்ச் செய்தி சிற்றலையில் கரகரக்கும் என்பதால் உள்ளூர் விவகாரத்துக்கு மலையாள வானொலிதான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் அவன் அறையில் இருபது பேர் கூடுவார்கள். தக்காளி விலை, எண்ணெய் விலை, தங்கம் என்று ஒரு செய்தியைப் போட்டு, சரியான இடத்தில் நிறுத்தி, "ஏன்?" என்று கேட்பான். நோன்புக்கு முன்னால் சாதிக் பாட்ஷா கடையில் பேரீச்சம்பழம் ஏன் விலை ஏறியது என்பதில் தொடங்கி உலகச் சந்தை வரைக்கும் போய்வருவான். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே சொல்லிக்கொடுப்பான். என்ன, கொஞ்சம் நாடகக்காரன். பொத்தானை எங்கே அமுக்கினால் அறை வாயைப் பிளக்கும் என்பதை முதல் நாளே ஒத்திகை பார்த்து வைத்திருப்பான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவன் போட்டது பொதுமன்னிப்புச் செய்தி. ஆயிரக்கணக்கில் ஆட்கள் ஊருக்குப் போகிறார்கள், கட்டட வேலைகள் பாதியில் நிற்கின்றன, கான்ட்ராக்டர்கள் ஆள் தேடி அலைகிறார்கள் என்றது வானொலி. கார்மேகம் பொத்தானை அமுக்கினான்.

"சரக்கு கொறஞ்சா?"

"வெல ஏறும்," என்றது அறை.

"ஆள் கொறஞ்சா?"

"கூலி ஏறும்."

கை தட்டினார்கள். முன்வரிசையில் முனியசாமி, கதவோரம் உட்கார்ந்து எதையும் கேட்காமல் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்ளும் பழனிச்சாமி, எல்லோரும்தான் தட்டினார்கள். அவன் அதற்கு மேல் டேப்பை ஓடவிடவில்லை.

"வண்டிய எடுங்க பாய்," என்றான் இப்போது. பெட்டியைப் பின்னால் ஏற்றி, அறைக்குள் ஓடி ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன்னையும் அந்தக் கேசட்டையும் எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டான். பாட்டா கேட்கப் போகிறோம் என்பதுபோல் சாதிக் பாட்ஷா பார்த்தார்.

ஷார்ஜா நெரிசலில் வண்டி ஊர்ந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் கார்மேகம் கடிகாரத்தைப் பார்த்தான். வழியில் ஒரு போலீஸ் வேன் நின்றது. அதற்குப் பக்கத்தில் கீழே வரிசையாகக் குந்த வைத்திருந்த ஆட்களில் முனியசாமி இருக்கிறாரா என்று தலையை நீட்டிப் பார்த்தான். இல்லை. அஜ்மானில் அந்தச் சந்துக்குள் நுழைந்தபோது மணி இரண்டரை.

முனியசாமி புது மெத்தையில் சாவகாசமாக உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். கார்மேகத்தைவிடப் பத்து வயது மூத்தவர். அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்ததும் கார்மேகத்துக்கு ஆத்திரம்தான் வந்தது.

"என்னண்ணே இது? நாலு மணிக்குக் கவுன்டர மூடிருவான். எந்திரிங்க."

"ஒக்காருங்க வாத்தியாரே. நான் போகல."

"ஏன்?"

"நீங்களே கேட்டா எப்பிடி? ஆள் கொறஞ்சா கூலி ஏறும்னு நீங்கதான சொன்னீக. எம்புட்டுப் பேரு போயிட்டாக, பாத்தீகளா? ஒரு சப்-கான்ட்ராக்டர் நேத்தே வந்து பேசிட்டான். இப்ப வாங்குறதுல பாதி இன்னும் கூட்டித் தாரேங்குறான். நாளையிலருந்து வேல. ரெண்டு வருசம் இருந்துட்டுப் போயிருதேன்."

"நான் தப்பாச் சொல்லிட்டேன்ணே."

முனியசாமி சிரித்தார். "அதெப்பிடித் தப்பாகும்? போன வாரம் வரைக்கும் என்னைய ஏன்னு கேக்காத நாயி, இப்ப வாசல்ல வந்து நிக்குது. நீங்க சொன்னது சொன்னபடி நடக்குது. நான் மாட்டிக்கிருவேன்னு பயந்துட்டுப் பேசுறீக."

பாடத்தை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட மாணவனைக் கார்மேகம் அதுவரை பார்த்ததில்லை. எந்த வாத்தியாரும் பூரித்துப் போயிருப்பார். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். சந்தில் சாதிக் பாட்ஷா ஹாரன் அடித்தார்.

இனி வாயால் பேசிப் பயனில்லை என்று தெரிந்து, டூ-இன்-ஒன்னைத் தரையில் வைத்து அந்தச் செய்தியைப் போட்டான். ஆயிரக்கணக்கில் ஆட்கள், பாதியில் நிற்கும் கட்டடங்கள். முனியசாமி தலையாட்டிக்கொண்டே கேட்டார். மலையாளிகளோடு ஒரே அறையில் கிடந்தவருக்கு மலையாளம் தண்ணி பட்ட பாடு. அன்று நிறுத்திய இடம் வந்தது. கார்மேகம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டேப் ஓடியது.

அதே குரல், அதே நிதானத்தில் மேலே வாசித்தது. கெடு முடிந்த பிறகு காகிதம் இல்லாத ஆளை வேலைக்கு வைத்தால் வைத்தவனுக்கும் தண்டனை, அபராதமும் சிறையும். தங்க இடம் கொடுத்தவனுக்கும் அதே. கட்டடம் கட்டடமாகச் சோதனை நடக்கும். காகிதம் உள்ள ஆட்களைப் புதிய விசாவில் கொண்டுவர நிறுவனங்கள் இப்போதே விண்ணப்பித்துவிட்டன. அவ்வளவுதான், அடுத்தது விளையாட்டுச் செய்தி.

முனியசாமியின் கை சோற்றில் அப்படியே நின்றது.

"கூலி ஏறுறது காயிதம் இருக்குறவனுக்குண்ணே," என்றான் கார்மேகம். "ஒங்கள வச்சா அவனுக்கு ஜெயிலு. இன்னைக்கு வாசல்ல வந்து நிப்பான். நாளைக்கு ஒரு போலீஸ் வண்டியப் பாத்தா ஒங்கள யாருன்னே தெரியாதும்பான். செஞ்ச வேலைக்குக் கூலி எங்கன்னு போயி யார்கிட்டக் கேப்பீக?"

முனியசாமி தட்டைத் தள்ளி வைத்தார். வேறொன்று கேட்டார்.

"இது எப்பப் பிடிச்ச டேப்பு?"

"அதே டேப்புதான்."

"அப்ப அன்னைக்கே இது இதுல இருந்துச்சு."

"இருந்துச்சு."

"கேட்டிருக்கீகளா?"

"பிடிக்கும்போதே கேட்டேன்."

"பெறகு ஏன் அங்கன நிப்பாட்டுனீக?"

கார்மேகத்துக்குப் பொய் சொல்ல நேரமில்லை. "பாடம் அங்கதான் அழகா முடிஞ்சுச்சுண்ணே. எல்லாரும் கை தட்டுனீக."

முனியசாமி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து கையைக் கழுவினார், சட்டையை மாட்டினார், மெத்தைக்கு அடியில் மடித்து வைத்திருந்த அவுட்பாஸையும் டிக்கெட்டையும் எடுத்துப் பைக்குள் வைத்தார். சோற்றுத் தட்டு அப்படியே கிடந்தது.

வண்டியில் மூவரும் ஒட்டி உட்கார்ந்தார்கள். சாதிக் பாட்ஷா எங்கெங்கோ சந்துக்குள் புகுந்து ஓட்டினார். ஏர்போர்ட் வாசலில் இறங்கும்போது நான்குக்குப் பத்து நிமிடம். கார்மேகம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். வாசலுக்குள் அவனை விடமாட்டார்கள். பெட்டியை முனியசாமி கையில் கொடுத்தபோது, அழுதுவிடலாம் போல நிம்மதியாக இருந்தது. ஒருவரைக் காப்பாற்றிவிட்டோம் என்றுகூட நினைத்தான்.

"அண்ணே, மன்னிச்சிருங்க."

முனியசாமி பெட்டியைத் தோளில் ஏற்றினார். "எனக்கு டேப்பத் தூக்கிட்டு வந்தீக. பழனிச்சாமிக்கு?"

"பழனிச்சாமிக்கு என்ன? அவன் கம்பெனி ஆளுல்ல?"

"யாரு சொன்னா? அவனும் என்னைய மாதிரித்தான். ரெண்டு பேருமாத்தான் போயி அவுட்பாஸ் வாங்குனோம். அன்னைக்கு ஒங்க பாடம் முடிஞ்சு எறங்கையில, படியில நின்னு அதக் கிழிச்சுப் போட்டுட்டான். நான் மடிச்சு வச்சேன். அம்புட்டுதான் வித்தியாசம்."

"இப்ப எங்க இருக்கான்?"

"தெரியாது. நோட்ட மட்டும் பத்திரமா வச்சிருக்கான். நான்தான் நேத்து மெத்தை வாங்குனேன், அவன் போன வாரமே வாங்கிட்டான்."

அவர் உள்ளே போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க நேரமும் இல்லை.

கார்மேகம் வண்டிக்குத் திரும்பி வந்து ஏறினான். மணி சரியாக நான்கு. டூ-இன்-ஒன் இருக்கையில் கிடந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். இருபது பேர் கை தட்டிய அறையில் இன்னும் யார் யாருக்குக் காகிதம் இல்லை என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தான். ஆள் எண்ணுவதுதான் அவன் வேலை. ஆனாலும் ஒருவரைப் பற்றிக்கூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"எங்க போகணும் வாத்தியாரே?" என்றார் சாதிக் பாட்ஷா.