சிவப்புக் கோட்டிலிருந்து ஐம்பது மீட்டர்

கூட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசையின் தலைப்பக்கம் நகரமன்றத் தலைவர். அவருக்கு வலப்புறம் பொறியாளர். இடப்புறம், ஜன்னலையொட்டி, ஏரிக்கரையில் வீட்டுமனை போடும் முதலாளி. மேசைக் கடைசியில் குறிப்பேட்டோடு நான், அலுவலக எழுத்தர். கதவோரம், நாற்காலி காலியாக இருந்தும் நின்றபடி, பம்ப் ஹவுஸ்காரன். அவன் என் மனைவியின் தம்பி.

மேசைமேல் நான்கு தண்ணீர் பாட்டில்கள். குழாய்த் தண்ணீரை அந்த அறையில் யாரும் தொடவில்லை.

மழை தொடங்கிய பத்தாம் நாள், ஏரித் தண்ணீர் வரும் ஊர்க் குழாய்களில் கலங்கல் வந்தது. அடுத்த வாரத்துக்குள் நாற்பது பேர் வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தையற்காரரின் மூன்று வயது மகள் மட்டும் பிழைக்கவில்லை.

பம்ப்காரன் குளோரின் போடாமல் தூங்கிவிட்டான் என்று பொறியாளர் அறிக்கை எழுதியிருந்தார். வேலைநீக்கம், கூடவே போலீஸ் புகார். தீர்மானம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. பிள்ளைகுட்டிக்காரன், புகார் வேண்டாமே என்று முதலாளி இரக்கப்பட்டார்.

மச்சினன் குளோரின் பதிவேட்டை நீட்டினான். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு போட்டிருந்தான்.

"இதையும் நீதானேப்பா எழுதின?" என்றார் பொறியாளர். "பரீட்சை எழுதினவனே மார்க்கும் போட்டுக்கிட்டா, நாங்கல்லாம் எதுக்கு?"

தலைவர் சிரித்தார். சிரிப்பு அடங்கும்வரை மச்சினன் காத்திருந்தான்.

"இவ்வளவு சேத்துல எத்தனை கொட்டினாலும் குளோரின் நிக்காது சார். இவரு மனை வேலைக் கூலியாளுங்களுக்குத் தோண்டின கக்கூஸ் குழி இப்ப ஏரிக்குள்ள கிடக்கு. யாராவது போய்ப் பாத்தீங்களா?"

முதலாளி பதறவில்லை. விதிப்படி ஐம்பது மீட்டர் தள்ளித்தான் குழி வெட்டியது, அளந்து கொடுத்தது இந்த அலுவலகம், கையெழுத்தும் இருக்கிறது என்றார்.

"எங்கேருந்து அளந்தாங்க?" என்றான் மச்சினன்.

பதில் எனக்குத் தெரியும். ஏரி நிறைந்து நிற்கும் மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டர் என்பது விதி. அந்த மட்டத்தை வருஷாவருஷம் பம்ப் ஹவுஸ் சுவரில் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டு வைப்பவன் மச்சினன். ஆனால் நாங்கள் அளக்கப் போவது கோடையில். அப்போதுதான் பாதை காய்ந்து ஜீப் போகும். அன்றைக்குத் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கே நாடாவை வைப்போம். சேறு படாத செருப்போடு திரும்பிவிடலாம். இருபது வருஷமாக இதுதான் வழக்கம்.

இந்த முறை நாடாவின் பூஜ்ய முனையைப் பிடித்துக் குனிந்தவன் நான். தண்ணீர் இன்னும் மேலே ஏறி வரும் அத்தான் என்று மச்சினன் அப்போதே சொன்னான். வெயில் கொளுத்துது, போடா என்றேன்.

அன்று நாடாவின் மறுமுனையில் நின்ற பொறியாளர் என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன். தீர்மானம் நிறைவேறியது. அதை எழுதியதும் என் கைதான்.

வராந்தாவில் மச்சினன் நின்றுகொண்டிருந்தான்.

"நாடா பிடிச்சது நான்தான்னு உள்ள ஏன்டா சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன் அத்தான்."

அவ்வளவுதான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

நான் திரும்பிப் போய் உட்கார்ந்து மாவட்ட நீர் ஆணையருக்கு எழுதினேன். பொருள், பார்வை எல்லாம் முறைப்படி. முதல் பத்தியில் அளந்த தேதி. இரண்டாவதில் நாடா வைத்த இடம், சிவப்புக் கோட்டின்படி வைத்திருக்க வேண்டிய இடம். மூன்றாவதில் பிடித்தவர் பெயர், மறுமுனையில் நின்றவர் பெயர், எச்சரித்தவன் பெயர். இணைப்பாக அளவைப் புத்தகத்தின் நகல். இது போய்ச் சேர்ந்தால் என் நாற்காலியும் போகும். சிறுமியின் தகப்பன் என் வாசலுக்கும் வரலாம். வரட்டும்.

உறை ஒட்டும் கிண்ணத்தில் நான்கு நாள் முந்தைய குழாய்த் தண்ணீர் இருந்தது. மேலே தெளிந்து, அடியில் விரற்கனத்துக்குச் சேறு படிந்திருந்தது. அதையே தொட்டு உறையை ஒட்டினேன். தபாலாபீஸ் மூடுமுன் பதிவுத் தபாலில் சேர்த்து, ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.