மறப்பதற்கு ஒரு பயிற்சி

செவ்வாய்க்கிழமை மாலைப் பயிற்சியில் என் அண்ணியின் தலை அலமாரியின் இடுப்பெலும்பில் மோதியது. அலமாரி என்பது எங்கள் மகளிர் ரக்பி அணியின் ஆகப்பெரிய ஆட்டக்காரிக்கு மற்றவர்கள் வைத்த பெயர்; அவளுக்கும் அதில் வருத்தமில்லை. பந்தோடு ஓடிவந்தவளை மடக்கக் குனிந்த அண்ணி, தோளைக் கொடுக்க வேண்டிய இடத்தில் தலையைக் கொடுத்தார். விழுந்தவர் எழ ஏழு விநாடி ஆயிற்று. எண்ணினேன், எண்ணுவது என் வேலை. அந்த அணிக்கு நான்தான் பிசியோதெரபிஸ்ட்.

எழுந்தவர், கோணிப்போன தலைக்காப்பை நேராக்கிக்கொண்டு, நான் கேட்காத கேள்விக்கு விடை சொன்னார்.

"கேப் போட்டிருக்கேன்ல."

பஞ்சு வைத்துத் தைத்த அந்தத் தலைக்காப்புகளைப் பருவத் தொடக்கத்தில் மன்றம் எல்லாருக்கும் வாங்கித் தந்திருந்தது. காது கிழியாமலும் நெற்றி சிராய்க்காமலும் அவை காக்கும். முட்டையைப் பஞ்சில் சுற்றிக் குலுக்கினால் ஓடு தப்பலாம், உள்ளே இருப்பது கலங்கத்தான் செய்யும் என்று அன்றே விளக்கினேன். அனைவரும் தலையாட்டினார்கள். அடுத்த வாரத்திலிருந்து, காப்பு இருக்கிற துணிச்சலில், அதுவரை தோளால் மோதியவர்கள் தலையால் மோதத் தொடங்கினார்கள்.

சனிக்கிழமை இறுதி ஆட்டம். அண்ணி அணியின் தலைவர். பதினோரு ஆண்டு ஆடியும் இறுதி ஆட்டத்தைக் கண்டதில்லை. தலையில் அடிபட்டவர் ஆட வேண்டுமானால் வியாழன் மாலைக்குள் என் கையெழுத்து வேண்டும். மைதானத்தில் அவரை உட்காரவைக்கும் அதிகாரம் எனக்கு உண்டு. ஆனால் நாங்கள் இருப்பது ஒரே வீட்டில்; அங்கே நான் வெறும் நாத்தனார்.

உடைமாற்றும் அறையில் சோதனையைத் தொடங்கினேன். பத்துச் சொற்களைப் படித்துக் காட்ட வேண்டும்; கேட்டவர் நினைவிலிருந்து திருப்பிச் சொல்ல வேண்டும். விரல், கம்பளம், ஏணி என்று தொடங்கி நூல், மழை என்று முடித்தேன். அண்ணி முதல் மூன்றையும் கடைசி இரண்டையும் சொன்னார். ஐந்து. எட்டு மாதத்துக்கு முன், பருவத் தொடக்கத்தில், அடி எதுவும் படாதபோது அவர் பெற்ற மதிப்பெண்ணும் ஐந்து. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, எதுவும் இல்லை என்றார். பழைய மதிப்பெண்ணைவிடக் குறைந்திருந்தாலோ, ஏதாவது அறிகுறி இருந்தாலோ ஆடக் கூடாது என்பது விதி. சந்தேகத்துக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

"அப்போ மாற்றம் ஒண்ணும் இல்லையே மேடம். கையெழுத்துப் போட்டுடலாமே?" என்று பயிற்சியாளர் பேனாவை நீட்டினார்.

பேனாவை வாங்கிக்கொண்டேன், கையெழுத்திடவில்லை. அலுவலறையில் பழைய கோப்பை எடுத்து, அண்ணியின் தாளை மட்டுமன்றி எல்லாருடைய தாள்களையும் வரிசையாகப் பரப்பினேன். இருபத்து மூன்று பேரில் பத்தொன்பது பேர் ஐந்து சொற்களை நினைவில் வைத்திருந்தார்கள். பத்தொன்பது பேரும் அதே முதல் மூன்று. அதே கடைசி இரண்டு. இவற்றைப் பதிவு செய்தவள் நான். முடிவுகள் இவ்வளவு சீராக வந்திருக்கின்றனவே என்று அன்று மகிழ்ந்தவளும் நான்தான்.

மறுநாள் அண்ணியிடம் கேட்டேன். மறுக்கவில்லை, கொஞ்சம் பெருமைகூட இருந்தது. முதலில் குறைவாக எடுத்துவைத்தால், பிறகு அடிபட்டாலும் மதிப்பெண் குறையாதாம். அதற்காக ஒரு மாலை முழுதும் ஒத்திகை நடந்திருக்கிறது. நடத்தியவர் அண்ணி. நடுவிலுள்ள ஐந்தை விடுவதுதான் பார்ப்பதற்கு இயல்பாக இருக்கும் என்று கண்டுபிடித்தவரும் அவரே. நால்வருக்கு மட்டும் எவ்வளவு பழகியும் மறக்க வரவில்லையாம்.

"மறக்கறதுக்கு யாராவது ஒத்திகை பார்ப்பாங்களா அண்ணி?"

"நீ ஏன் இப்படி அலுத்துக்கறே? எல்லா டீம்லயும் செய்யறதுதான். நாங்க கொஞ்சம் ஒழுங்கா செஞ்சோம், அவ்வளவுதான்."

ஆக, என்னிடம் இருந்தது பயனற்ற ஓர் எண். செவ்வாயன்று சொன்ன ஐந்து, அண்ணியால் முடிந்த ஐந்தா, அண்ணி தர விரும்பிய ஐந்தா என்பதை அந்தக் கோப்பிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

அன்றே மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. ஆனால் இவ்வகை மூளை அதிர்ச்சி ஸ்கேனில் தெரியாது, வீட்டில் கவனித்துப் பாருங்கள் என்றார் மருத்துவர். ரத்தக்கசிவு இல்லை என்ற பாதியை மட்டும் அண்ணி அணிக்குத் தெரிவித்தார். இரவுக்குள் எனக்குப் பதினான்கு வாழ்த்துச் செய்திகள் வந்தன.

வியாழன் காலை உணவு மேசையில் நாங்கள் மூவர். அண்ணன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். எனக்கும் அண்ணிக்கும் இடையில் ஒன்பது ஆண்டுகளாக எந்தப் பக்கமும் சாயாமல் உயிர் பிழைத்து வருபவன் அவன்.

அண்ணியின் உண்மையான நினைவாற்றலுக்கு நான் வேறு எங்கும் போக வேண்டியதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அவர் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில், தொலைபேசியில் என் தோழியிடம், அண்ணன் கல்யாணம் செய்யவில்லை, லாரி ஒன்று வாங்கியிருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். கதவுக்குப் பின்னால் அண்ணி நின்றிருந்தார். அன்று முதல் அதைத் தேதி, கிழமை, நான் அணிந்திருந்த உடையின் நிறம் உட்பட மாதம் ஒருமுறையாவது சொல்லிக் காட்டியிருக்கிறார். எனக்குப் பேருந்து தவறினால், "லாரி இருக்கு, ஏறிக்கோ" என்பார். நானாக அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. இப்போது எடுத்தேன்.

"அண்ணி, நீங்க வந்த புதுசுல நான் போன்ல உங்களைப் பத்தி ஒண்ணு சொன்னேனே, என்ன அது?"

கேஸ் கசியும் அறையில் தீக்குச்சியை உரசியவளைப் பார்ப்பதுபோல் அண்ணன் என்னைப் பார்த்தான்.

அண்ணி ரொட்டியை மென்றார். "எதைச் சொல்றே?"

"உங்களை எதோடயோ ஒப்பிட்டுச் சொன்னேன்."

அவர் யோசித்தார். இந்தக் கேள்விக்கு யாரும் ஒத்திகை பார்த்திருக்க முடியாது. தவிர, நடிப்பதற்காகக்கூட அண்ணி இப்படியொரு வாய்ப்பை நழுவவிடுபவர் அல்லர். கடைசியில் விகல்பமே இல்லாமல் சிரித்தார்.

"தெரியலம்மா. நல்லதாத்தான் சொல்லியிருப்பே."

ஒன்பது ஆண்டுகளில் அவர் என்னிடம் பேசிய ஆக இனிமையான சொற்கள் அவை.

"ஏய், நெஜமாவே ஞாபகம் இல்லையா?" என்றான் அண்ணன்.

காலங்காத்தால இருவரும் சேர்ந்து என்ன பரீட்சை வைக்கிறீர்கள் என்று அவர் சீறினார். சீற்றத்துக்கு நடுவே நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டார். அண்ணன் கத்தியைக் கீழே வைத்தான்.

"கையெழுத்துப் போடாதே," என்றான் என்னிடம்.

உறவினர் கண்ட மாற்றங்கள் என்று படிவத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. நெடுநாள் நினைவில் தடுமாற்றம், கணவர் உறுதிசெய்தார் என்று அதில் எழுதி, தகுதியில்லை என்ற கட்டத்தில் குறியிட்டேன். எந்த நினைவு என்று பயிற்சியாளர் மூன்று முறை கேட்டார். லாரியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. பதினான்கு வாழ்த்துகளை அனுப்பியவர்களில் ஒருவரும் பிறகு எனக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. அண்ணி என்னிடம் பேசுவதை நிறுத்தினார்; ஒரே அறையில் இருந்துகொண்டு, விளக்கை அணைக்கச் சொல் என்று அண்ணன் வழியாகச் சொல்லியனுப்பினார்.

சனிக்கிழமை, அடிபட்டவர் பிசியோவுக்குப் பக்கத்தில்தான் அமர வேண்டும் என்ற விதிப்படி, அண்ணி சாதாரண உடையில் என் பக்கத்தில் அமர்ந்தார். முகத்தை மட்டும் மறுபக்கம் திருப்பிக்கொண்டார். எதிரே, ஒரு பேருந்தின் நீளத்துக்கு, புள்ளிப் பலகை நின்றது.

இடைவேளைக்குச் சற்று முன், "எவ்வளவு?" என்றார். இரண்டு நாளில் என்னிடம் பேசிய முதல் சொல்.

"பன்னெண்டு பத்து. நாமதான் முன்னாடி."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். புள்ளி மாறவில்லை, விடையும் மாறவில்லை. பிறகும் ஒருமுறை கேட்டார். மூன்று முறையும் ஒரே குரலில் சொன்னேன். அதுவும் என் வேலை.

மைதானத்தில் அலமாரி பந்தோடு பாய்ந்தாள். கூட்டம் எழுந்து கத்தியது. அண்ணி இரு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டார். ஓசை அடங்கிய பிறகு பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதை உன்கிட்ட முன்னாடியே கேட்டேனா?"

"மூணு தடவை கேட்டீங்க."

அவர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு, என் மடியிலிருந்த படிவ அட்டையை விரலால் தட்டினார்.

"எழுதிக்கோ. மூணுன்னே எழுது. குறைச்சு எழுதாதே."